பேன்ட் சைஸ் 34, வயிறு 41

கடைக்கு வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இடுப்பு அளவைக் குறைத்துத்தான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. பேன்ட்டைத் தொப்புளுக்கு நாலு விரல் கீழே, தொப்பை முடிகிற பள்ளத்தில் மாட்டுகிறார்கள். அந்த இடத்தில் சதை அவ்வளவாக ஏறாது. காலேஜில் 34, கல்யாணத்துக்கு 34, ஐம்பது வயதிலும் 34. "நம்ம சைஸ் மாறவே இல்ல அண்ணாச்சி" என்று பெருமையாகச் சொல்வார். சட்டைக்கு அளவு எடுக்க டேப்பை வயிற்றைச் சுற்றிப் போட்டால் 41 நிற்கும். சிலர் அந்த நேரம் பார்த்து மூச்சை உள்ளே இழுப்பார்கள். நான் டேப்பைப் பிடித்தபடியே ஊர்க்கதை ஏதாவது கேட்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும்.

கோவில்பட்டியில் ஜென்ட்ஸ் டெய்லர் நான். அப்பா வைத்த கடை. டாக்டர்கள் கேட்கிற இடுப்புச் சுற்றளவும் பேன்ட் சைஸும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரியாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் எடுக்க வேண்டிய அளவு அது. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று கோடு போட்டிருக்கிறார்கள். 90 சென்டிமீட்டர் என்றால் டேப்பில் முப்பத்தைந்தரை இஞ்ச் கூட இல்லை. இப்போது என் நோட்டில் அந்தக் கோட்டுக்குள் நிற்கிற நாற்பது வயதுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கடையிலும் அளவு நோட்டில் தேதிவாரியாக எழுதுவார்கள். அப்பா வீட்டுவாரியாக எழுதினார். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே தாத்தா, அதற்குக் கீழே மகன்கள், இடம் இருந்தால் பேரன்கள். உயரம், ஷோல்டர், கை, மார்பு, வயிறு, சீட் (பின்பக்கச் சுற்று), காலர் என்று குறுக்கே கட்டம். அவர் இதைச் செய்ததற்கு ஆராய்ச்சிக் காரணம் எதுவும் கிடையாது. சில வீட்டு ஆட்கள் தீபாவளிக்கு அளவு கொடுக்க வரவே மாட்டார்கள், துணியை மட்டும் கொடுத்தனுப்புவார்கள். "அவங்க அண்ணன் அளவு இருக்கும்லா, அதுல கொஞ்சம் குறைச்சுத் தச்சிருங்க" என்பார்கள். அதற்கு வசதியாக ஒரே பக்கத்தில் வைத்தார்.

அப்படி வைத்ததில் ஒரு விஷயம் தானாகவே தெரிந்தது. சதை போடுகிற இடம் வீட்டுக்கு வீடு மாறும், ஒரு வீட்டுக்குள் மாறாது. அப்பா பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'மே.வ.', 'கீ.வ.' என்று எழுதி வைத்திருப்பார். மேல்வயிறு, கீழ்வயிறு. மேல்வயிற்று வீட்டு ஆட்களுக்கு மூன்றாவது பட்டனுக்கும் நாலாவது பட்டனுக்கும் நடுவில் சட்டை வாயைப் பிளக்கும். அங்கே பட்டன் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கீழ்வயிற்று வீட்டு ஆட்களுக்குச் சட்டை முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பாகத்துக்கு மட்டும் உயரம் முக்கால் இஞ்ச் கூட்டி வெட்டினால்தான் பக்கவாட்டில் பார்க்கும்போது ஓரம் நேராக விழும். சில வீடுகளுக்கு வயிறே வராது, எல்லாம் சீட்டுக்குப் போய்விடும். அப்பன் இறந்து பத்து வருஷம் கழித்து மகன் வந்து நின்றால், அந்தப் பக்கத்தைப் புரட்டி அப்பனுக்கு வெட்டிய மாதிரியே வெட்டலாம். பெரும்பாலும் டிரையலே வேண்டியிருக்காது.

என் மகள் உயிரியல் எம்.எஸ்சி. படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, கனடாவில் க்யூபெக்கில் நடந்த ஒரு ஆராய்ச்சியை எடுத்துப் படித்துக் காட்டினாள். 1990-ல் வெளிவந்தது. க்ளோட் பூஷார் என்பவர் 12 ஜோடி ஒரே மாதிரி இரட்டையரை, எல்லாம் வாலிபப் பையன்கள், ஒரு கட்டடத்தில் தங்கவைத்து, அவர்களுக்குத் தேவையானதைவிடத் தினம் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார். வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 84 நாள். எல்லோருக்கும் அதே கூடுதல் சாப்பாடுதான், அதே நாட்கள்தான். ஆனால் ஒருவன் 4 கிலோ சொச்சம் ஏறினான், இன்னொருவன் 13 கிலோ ஏறினான். ஒரு ஜோடிக்குள் அண்ணன் தம்பி இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறினார்கள். பெரிய வித்தியாசமெல்லாம் ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையில்தான். கொழுப்பு உடம்பில் எங்கே போய் உட்கார்ந்தது, குறிப்பாக வயிற்றுக்குள்ளே எவ்வளவு போனது என்று பார்த்தபோது அந்த ஒற்றுமை இன்னும் அழுத்தமாகத் தெரிந்திருக்கிறது. எங்கப்பா பென்சிலால் எழுதியதை அவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாம் ஜீன்தான், நம்ம கையில ஒண்ணுமில்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். நோட்டின் அடுத்த கட்டம் அதற்கு இடம் கொடுக்காது.

ஒரு கீழ்வயிற்று வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒன்றரை வயது வித்தியாசம், ஆனால் உருவத்தில் அச்சு அசல். இருவருக்கும் கல்யாணம் ஆகிற வரை ஒரே பேப்பர் கட்டிங்கை வைத்து அப்பா இரண்டு பேருக்கும் சட்டை வெட்டினார். அண்ணன் மின்வாரியத்தில் போஸ்ட் ஏறுகிற வேலைக்குப் போனார். தம்பி சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போனார். இருவரும் நாற்பத்தைந்தைத் தாண்டியபோது அண்ணன் வயிறு 36, தம்பி வயிறு 43. ஊரில் தம்பியைப் பார்த்து "மெட்ராஸ் தண்ணி" என்றார்கள். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அண்ணன் ரிட்டயர் ஆனார். டி.வி. முன்னால் ஈஸி சேர், காலையில் இரண்டு வடை, ராத்திரி புரோட்டா சால்னா. சில வருஷத்தில் அவருக்கும் அதே இடத்தில், அதே மாதிரி கீழே சரிந்த வயிறு வந்து சேர்ந்தது. முன்பாகம் முக்கால் இஞ்ச் கூட்டினேன். அத்தனை வருஷமும் அந்த வயிறு அவர் உடம்பில் எழுதித்தான் இருந்திருக்கிறது. போஸ்ட் ஏறியதால் வெளியே வரவில்லை.

பேன்ட்டின் பின்சீட் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டுத் தைப்போம், பின்னால் பிரித்து விடுவதற்கு. ஜீன் அந்த மாதிரி, விட்டிருக்கும் துணி எவ்வளவு என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது, பிரிப்பதும் பிரிக்காததும் பிறகு நடக்கிற சங்கதி என்று மகளிடம் சொன்னேன். "எல்லாத்தையும் தையல்ல கொண்டாந்து முடிக்காதீங்கப்பா" என்றாள். ஆனாலும் தப்பென்று சொல்லவில்லை.

அவள் சொல்லித்தான் எஃப்.டி.ஓ. என்கிற ஜீனைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நம் 16-வது குரோமோசோமில் இருக்கிறது. 2007-ல் ஏறக்குறைய 39,000 பேரை ஆராய்ந்து இங்கிலாந்துக்காரர்கள் வெளியிட்டார்கள். அந்த ஜீனில் ஒரு எழுத்து மாறியிருந்தால் எடை கூடுகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் மாறியவர்கள், ஒன்றுமே மாறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் உண்டு. அதன் பிறகு எடையோடு தொடர்புள்ள இடங்களாக நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சூண்டு கூட்டும் அல்லது குறைக்கும். ஒரே ஜீன் பழுதாகி உடம்பு பெருப்பதும் உண்டு, ஆனால் அது மிக அபூர்வம். கேம்பிரிட்ஜில் 1997-ல் லெப்டின் என்கிற ஹார்மோன் சுரக்காத இரண்டு குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மாதிரி உறவுமுறை. எட்டு வயதுப் பிள்ளை 86 கிலோ இருந்திருக்கிறது. பசி அடங்கவே அடங்காது. லெப்டின் ஊசி போட்ட பிறகுதான் பசி அடங்கியது, எடை இறங்கியது. வீட்டில் எப்படி வளர்த்தார்கள் என்று அந்தத் தாயை எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ.

எஃப்.டி.ஓ. என்ன செய்கிறது என்பதில் எனக்கு ஆச்சரியம். ஜீன் எடையைக் கூட்டுகிறது என்றால் உடம்பு கொழுப்பை எரிக்காமல் சேமித்துவைக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்காட்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, அந்த மாற்றம் உள்ள பிள்ளைகளின் உடம்பு எரிப்பதில் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், அதிலும் எண்ணெய், இனிப்பு மாதிரி கலோரி அதிகமான பண்டமாகப் பார்த்து எடுக்கிறார்கள். போதும் என்கிற உணர்வு அவர்களுக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறது என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு மே, ஜூன் மாத யூனிஃபார்ம் சீசன்தான் நினைவுக்கு வந்தது. ரெடிமேடில் இடுப்பு சேர்ந்தால் நீளம் தரையைக் கூட்டும் என்பதால் குண்டுப் பையன்கள் எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். அம்மா கடை வாசலில் நின்று, "தட்ட வழிச்சு நக்குறான் அண்ணாச்சி, இவன் தம்பி பாருங்க பாதியில எந்திரிச்சிருவான்" என்பார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். ஒரே வீடு, ஒரே தட்டு, ஒரே தாய் பரிமாறுகிற சாப்பாடு. ஒருவனுக்கு வயிறு நிறைந்த செய்தி சீக்கிரம் போகிறது, ஒருவனுக்குப் போகவில்லை. இதில் அந்தப் பையனின் ஒழுக்கம் எங்கே வந்தது?

முன்பெல்லாம் கட்டர் அளவைச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். 'வயிறு முப்பத்தெட்டு' என்று கடைக்கே கேட்கும். இப்போது நானே எடுத்து நானே எழுதிக்கொள்கிறேன். எண்ணை வாயால் சொல்வதில்லை.

கரிசல் காட்டின் கதைக்கு வருகிறேன். எங்கப்பா தலைமுறையில் இந்தப் பக்கம் வீட்டுச் சாப்பாடு கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அதைப் பெரிய ஆரோக்கிய வாழ்க்கை என்று இன்றைக்கு வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தக் கம்பங்கூழும் ஒரு வேளைக்குத்தான் இருந்தது. ரேஷன் அரிசி வந்து பசியை ஒழித்தது பெரிய காரியம். 2011 முதல் அது விலையில்லாமலே கிடைக்கிறது. சோறு வந்ததில் தப்பே இல்லை. சோறு வந்த அதே காலத்தில் வேலை உடம்பைவிட்டுப் போய்விட்டது, அதுதான் விஷயம். களையெடுப்பும் கமலை இறைப்பும் போய், தீப்பெட்டி ஒட்டுவதும் உட்கார்ந்த வேலையாகி, இரண்டு தெரு தள்ளியிருக்கிற டீக்கடைக்கும் டூவீலர். குழம்பு ஒரு கரண்டி, சோறு மலைபோல என்கிற தட்டு மட்டும் மாறவில்லை. அந்தத் தட்டு களையெடுக்கிற ஆளுக்காகப் போட்டது.

என் தொழிலிலேயே பார்க்கலாம். அப்பா காலத்தில் கடையில் எல்லாம் கால் மெஷின். காலையிலிருந்து இரவு வரை இரண்டு பாதமும் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடும் என்று எண்ணெய் தேய்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு மெஷினாக மோட்டார் மாட்டினோம். பாதத்தை லேசாக அழுத்தினால் போதும், ஊசி ஓடும். வேலை இரட்டிப்பானது, முதுகுவலி குறைந்தது, யாரும் பழையபடி கால் மெஷினுக்குப் போக மாட்டார்கள். நானும் போக மாட்டேன். ஆனால் மோட்டார் மாட்டிய பிறகு எங்கள் கடையில் தைக்கிற ஆட்களின் சட்டைக்கே நோட்டில் புது அளவு எழுத வேண்டியதாயிற்று. அதிலும் பாருங்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஒரே கடையில் டீ வடை தின்கிற இருவரில் ஒருவருக்கு ஐந்து இஞ்ச் ஏறியது, இன்னொருவருக்கு அரை இஞ்ச் கூட இல்லை. கால் மெஷின் இருந்தவரை இந்த வித்தியாசம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் இதை ஒரு ஊரையே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் ஃப்ரேமிங்ஹாம் என்கிற ஊரில் 1948-ல் தொடங்கிய இதயநோய் ஆய்வு, பிள்ளைகள் தலைமுறைக்கும் தொடர்ந்தது. அந்தப் பதிவுகளில் எஃப்.டி.ஓ. மாற்றம் உள்ளவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால், 1942-க்கு முன்னால் பிறந்தவர்களிடம் அந்த மாற்றத்துக்கும் எடைக்கும் தொடர்பே தட்டுப்படவில்லை. அதற்குப் பின்னால் பிறந்தவர்களிடம் தெளிவாகத் தெரிகிறது. ஜீன் அதேதான். அது வேலை செய்ய வேண்டிய ஊர் மாறிவிட்டது. காரும் குளிர்பானமும் டப்பா உணவும் பெருகிய பிறகுதான் அது கண்விழித்திருக்க வேண்டும்.

இதைவிடத் துலக்கமானது பிமா மக்களின் கதை. அரிசோனாவில் கீலா நதிக் கரையில் வாழ்கிற பழங்குடிகள். நதித் தண்ணீரை வைத்து மக்காச்சோளமும் பயறும் விளைத்து வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மேற்புறம் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், விவசாயம் செத்தது. அரசாங்கம் மைதாவும் சர்க்கரையும் பன்றிக்கொழுப்பும் கொடுத்தது. உலகத்திலேயே அதிகச் சர்க்கரை நோய் உள்ள சமூகங்களில் ஒன்றாக அவர்கள் ஆனார்கள். 'அவர்கள் ஜீன் அப்படி' என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு நெருங்கிய உறவான பிமாக்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில் மைகோபா என்கிற மலையூரில் இருக்கிறார்கள். மக்காச்சோள ரொட்டி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, நாள் முழுக்கக் காட்டுவேலை. 1994-ல் போய்ப் பார்த்தபோது மெக்சிகோ பிமாக்களின் சராசரி எடை 64 கிலோ, அரிசோனா பிமாக்களுடையது 90 கிலோ. பிறகு நடந்த பெரிய ஆய்வில் சர்க்கரை நோய் மெக்சிகோ பிமாக்களில் 100-க்கு 7 பேருக்கு, அரிசோனாவில் 38 பேருக்கு. தண்ணீரைத் திருப்பிவிட்டதை ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியாது, ஆனால் அந்த 38-ல் அது இருக்கிறது.

நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு சங்கதி உண்டு. கை கால் குச்சி, முகம் ஒட்டிப்போயிருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். சட்டையில் கை லூஸாகவும் வயிறு இறுக்கமாகவும் இருக்கும் இந்த வாகுக்குத் தைப்பதுதான் எங்களுக்குச் சிரமம். ரெடிமேட் கம்பெனிக்காரன் சைஸ் சார்ட்டில் இது கிடையாது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்கிற டாக்டர் இதைத்தான் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 2004-ல் லான்செட் பத்திரிகையில் அவரும் ஜான் யுட்கின் என்கிற லண்டன் டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதனால்தான் வெள்ளைக்காரருக்கு 25-ல் தொடங்குகிற எச்சரிக்கை நமக்கு 23-லேயே தொடங்குகிறது. எடை மெஷினில் ஏறி இறங்கி நிம்மதியாகப் போகிற ஒல்லி மனிதர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

இதுவும் ஜீன் மட்டும் இல்லை. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தையிடம் சதை குறைவு, உறுப்புகள் சின்னது, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லியும் கொழுப்புமாகப் பிறக்கிறது. தாய் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு வேலை செய்தாள் என்பதெல்லாம் அதில் சேரும். ஒரு தலைமுறையின் வாழ்க்கைமுறை அடுத்த தலைமுறைக்குப் பிறவி வாகாகப் போய்ச் சேர்கிறது. ஜீன் இந்தப் பக்கம், பழக்கம் அந்தப் பக்கம் என்று கத்தரி வைத்து வெட்டுவது இங்கே நடக்காது.

தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் வம்சம் நாம், அதனால்தான் கொழுப்பைச் சேர்த்துவைக்கிறோம் என்று வாட்ஸாப்பில் ஒரு கதை சுற்றுகிறது. 1962-ல் ஜேம்ஸ் நீல் என்கிற அமெரிக்க மரபியலாளர் சொன்ன சிக்கன ஜீன் கருத்தின் உள்ளூர்ப் பிரதி அது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பஞ்சத்தில் கூட்டமாகச் செத்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகளும் கிழடுகளும், அதுவும் காய்ச்சல் பேதியில். ஒல்லியானவர்கள் செத்துக் குண்டானவர்கள் பிழைத்தார்கள் என்று காட்ட முடியவில்லை என்று ஜான் ஸ்பீக்மேன் மாதிரி ஆட்கள் மறுக்கிறார்கள். 1876-ல் வந்த பஞ்சத்துக்கு இத்தனை தலைமுறைக்குள் ஒரு மக்கள்கூட்டத்தின் ஜீனையே மாற்றிவிடுகிற அவகாசமும் கிடையாது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களை நம் தொப்பைக்குச் சாக்காக இழுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். தேசிய குடும்ப நல ஆய்வில், அதிக எடை உள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37. நாலைந்து வருஷத்தில் யாருடைய ஜீனும் மாறாது.

அப்படியானால் ஓடியாடினால் ஜீன் அடங்குமா என்று கேட்டால், அடங்கும், முழுசாக இல்லை. 2011-ல் 2,18,000 பேருடைய தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். எஃப்.டி.ஓ.வால் வருகிற உடல்பருமன் ஆபத்து, உடம்பை அசைத்து வேலை செய்கிறவர்களிடம் 27 சதவீதம் குறைவு. மீதி இருக்கத்தான் செய்கிறது. சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆட்கள் சுமார் 1,600 பேரிடம் பார்த்து 2016-ல் வெளியிட்டதும் இதே திசைதான். அந்த ஜீன் மாற்றம் உள்ளவர்களில், மாவுச்சத்து அதிகம் தின்கிறவர்களுக்கும் உடம்பை அசைக்காதவர்களுக்கும் பருமன் கூடுதலாகத் தொற்றிக்கொள்கிறது. ஆக, குடும்ப வாகு உள்ளவன் நடந்தால் ஒட்டுக்குச்சி ஆகிவிட மாட்டான். ஆனால் நடையால் அதிக லாபம் அவனுக்குத்தான். "எங்க வீட்டு வாகு அண்ணாச்சி, நடந்து என்ன ஆகப்போகுது" என்கிறவரிடம் நான் தலைகீழாகச் சொல்வேன். வாகு இல்லாதவன் நடக்காவிட்டாலும் அவ்வளவாக ஏறாது, உங்களுக்கு ஏறும், நீங்கதான் நடக்கணும் என்பேன். அவர் முகம் சுளிப்பார். டிரையல் ரூமுக்குள் அனுப்பிவிடுவேன்.

போன வருஷம் ஒரு கஸ்டமர் எச்சிலை டப்பாவில் அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுத்துவந்தார். பல ஆயிரம் ரூபாய். கலர் கலராகப் பக்கங்கள், கடைசியில் 'உங்கள் ஜீனுக்கு மாவுச்சத்து குறைந்த உணவே ஏற்றது'. அவருக்காக மகள் தேடிக் கொடுத்தது, 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் நடத்திய ஆய்வு. 609 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு கொழுப்பு குறைந்த உணவு, ஒரு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, பன்னிரண்டு மாதம். ஜீன் எந்த உணவுக்குப் பொருந்துகிறது என்றும் முதலிலேயே பார்த்து வைத்திருந்தார்கள். முடிவில் இரண்டு கூட்டமும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ இறங்கியது. ஜீனுக்குப் பொருந்திய உணவைச் சாப்பிட்டவருக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. ஒரே கூட்டத்துக்குள்ளேயே ஒருவர் இருபது கிலோவுக்கு மேல் இறங்கியும் இன்னொருவர் எடை கூடியும் இருந்தார்கள். ஆக ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிஜம். எச்சில் டப்பா அதை முன்கூட்டிச் சொல்கிற நிலைமைக்கு இன்னும் வரவில்லை. "அப்போ எதத்தான் பாக்கணும்?" என்று அவர் கேட்டார். அவர் அப்பா பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். ஐம்பது வயதில் அவர் அப்பாவுக்கு வயிறு 39, இவருக்கு நாற்பத்தி மூன்று வயதில் 40. "இத நீங்க காசு வாங்காமலே காட்டிட்டீங்க" என்று சிரித்தார்.

அவர் இப்போது காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கிறார், புரோட்டாவை வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கியிருக்கிறார். பொங்கலுக்கு அளவெடுத்தபோது 38½. போகப் போகத் தெரியும். அவர் வீட்டு வாகு எனக்குத் தெரியும் என்பதால் பழைய சட்டைகளைப் பிடிக்கக் கொண்டுவந்தபோது இந்த வருஷம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்கிறவர்களுக்கு ஒன்று. 36 பன்னா (36 இஞ்ச் அகலம்) துணியில் முழுக்கைச் சட்டை என்றால், வயிறு 42-க்கு மேல் உள்ளவர்கள் இரண்டே கால் மீட்டர் எடுத்துக்கொண்டு வந்து என்னோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், இரண்டரையாக எடுங்கள். பேன்ட் சைஸைத் துணிக் கடைக்காரரிடம் சொல்லி எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள்.